சைக்கிள் கம்பியில் வளைத்த கிளிப்

"உள்ளேதானே இருக்கப்போகிறது மாத்தையா, யார் பார்க்கப்போகிறார்கள்?" கொழும்பில் பழைய கார் ஒன்றைத் திருத்தத் தொடங்குகிறவரிடம் இந்தக் கேள்வி எப்படியும் வந்து சேரும். குஷன் வேலை செய்பவர் கேட்பார், தகட்டு வேலை செய்யும் டிங்கரிங் பாஸ் கேட்பார், வயரிங் பார்க்க வந்த இளைஞன்கூடக் கேட்பான். கெட்ட எண்ணத்தோடு யாரும் கேட்பதில்லை. நமக்குச் செலவைக் குறைக்க வேண்டும், வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அக்கறைதான் அதில் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்கும் மாற்றுப் பாகத்துக்கு ஏதாவது நெறி உண்டா? பிடித்துக்கொண்டு நின்றால் போதுமா? உண்டு, போதாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அதை எனக்குக் காட்டித் தந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர் செய்த வேலையை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தேன்.

கார் என் மாமாவுடையது. 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர், இரண்டு கதவு, 948 சிசி இயந்திரம். இலங்கையில் மைனரைப் பற்றி யாருக்கும் அறிமுகம் எழுதத் தேவையில்லை. ஏதாவது ஒரு திருமண வீட்டு வாசலில் எல்லோரும் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். மாமாவின் கார் யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடியது. 2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்ததும் அதிலேயே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தார். வந்த கையோடு ஒரு கடையில் கொடுத்து ஆசனங்களுக்கும் கதவுகளுக்கும் புது ரெக்சின் போட்டார். அந்தக் கடையின் கைவேலைதான் பின்னாளில் என் கைக்கு வந்தது.

கதவும் அதன் பலகையும்

வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கதவின் உட்புறப் பலகை ஓர் அலங்காரம். கராஜில் அதை டோர் போர்ட் என்பார்கள். ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள ஹார்ட்போர்ட், அதன் மேல் மெல்லிய பஞ்சு, அதன் மேல் ரெக்சின். பலகையின் ஓரத்தை ஒட்டி வரிசையாகக் கம்பிக் கிளிப்கள் இருக்கும். ஒவ்வொரு கிளிப்புக்கும் நேராகக் கதவின் உள் தகட்டில் ஒரு துளை. பலகையைப் பொருத்தி உள்ளங்கையால் தட்டினால் கிளிப்பின் இரு கால்களும் நெருங்கித் துளைக்குள் நுழைந்து, உள்ளே போனதும் விரிந்து பிடித்துக்கொள்ளும். தட்டையான நெம்புகோலைப் பலகைக்கும் தகட்டுக்கும் இடையில் விட்டு இழுத்தால் அதே கால்கள் மறுபடியும் நெருங்கி வெளியே வரும். பூட்டுவதும் கழற்றுவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். அதை வரைந்த பொறியியலாளர் அந்தப் பலகை பலமுறை கழற்றப்படும் என்று தெரிந்துதான் வரைந்திருக்கிறார்.

ஏன் கழற்ற வேண்டும்? கதவு தண்ணீர் புகாத பெட்டி அல்ல. மழை பெய்யும்போது கண்ணாடியில் வழியும் நீர், ஓரத்து ரப்பரையும் கம்பளிப் பட்டியையும் தாண்டிக் கதவுக்குள் இறங்கவே செய்யும். அடியில் உள்ள வடிகால் துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். தூசியும் துருவும் சேர்ந்து அந்தத் துளைகள் அடைத்தால் கதவின் அடிப்பகுதி குளமாகிவிடும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறிக்கு எண்ணெய் விட வேண்டும், பூட்டுக்கும் விட வேண்டும். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கும் தாள் ஒன்றும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஹார்ட்போர்ட் கீழ் ஓரத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி, உப்பி, நார் நாராகப் பிரிந்துவிடும். மரத்தை நீராவியால் நாராக்கி மறுபடி அழுத்திச் செய்த பலகை அது. நீர் கண்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். பலகையை அவ்வப்போது கழற்றிப் பார்க்காதவருக்கு இவை எதுவும் தெரியவராது. தெரியவரும் நாளில் கதவின் அடித்தகடு கையோடு வந்துவிடும்.

மாமாவின் கதவுகளில் ஒரு கிளிப்கூட இல்லை. கழற்றிய கிளிப்கள் உடைந்தோ தொலைந்தோ போயிருக்க வேண்டும். அந்தக் கடையில் ரெக்சினுக்கு மேலாகவே திருகாணிகளை இறக்கியிருந்தார்கள். தானே துளைத்துக்கொண்டு போகும் வகை. பழைய துளைகளுக்குள் அவை பிடிக்கவில்லை போலும், பக்கத்திலேயே புதுத் துளைகள். சில ஆணிகள் தளர்ந்தபோது யாரோ சற்றுத் தள்ளி இன்னொன்றை இறக்கியிருக்கிறார்கள். நீளமான ஆணி ஒன்று உள்ளே துருத்திக்கொண்டு நின்று, கண்ணாடி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு கோடு கீறியிருந்தது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வட்டமாகத் துரு.

வெள்ளவத்தையில் கடற்கரை வீதிக்கு அருகே கார் வைத்திருப்பவர்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரியும். துளைக்கும்போது பெயின்ட் மட்டும் போவதில்லை, அதன் அடியில் உள்ள பூச்சும் போய், தகட்டின் பூச்சற்ற விளிம்பு வெளியே வருகிறது. உப்புக் காற்றுக்கு அது போதும். 'துருப்பிடிக்காத எஃகு ஆணி போட்டால் சரியாகிவிடும்' என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நிலைமை அதில் இன்னும் மோசமாகலாம். இரண்டு வேறு உலோகங்கள் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் எளிதில் வினைபுரிவதுதான் அரிபடும், இங்கே அது கதவின் தகடு. ஆணி பளபளப்பாகவே இருக்கும். பெயின்டுக்கு வெளியே தெரிவது துளை விளிம்பில் உள்ள துளி இரும்பு மட்டும் என்பதால் அரிப்பு முழுவதும் அந்தத் துளியின் மேல் குவிந்துவிடும்.

திருகாணியே பாவம் என்று சொல்லவில்லை. பிரித்தானியக் கார்கள் பலவற்றில் சில பலகைகளை உற்பத்தியாளரே கிண்ண வாஷர் வைத்துத் திருகாணியால்தான் பூட்டினார். அங்கே ஆணிக்கென்றே இடம் வகுத்திருப்பார்கள். வகுக்காத இடத்தில் இறக்குவதைத்தான் சொல்கிறேன்.

பஞ்சிகாவத்தையில்

மாற்றுக் கிளிப் தேடி முதலில் போகிற இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். மருதானைப் பக்கமாக இறங்கி பஞ்சிகாவத்தைக்குள் நுழைந்தால் ஜப்பானியக் கார்களுக்கான பிளாஸ்டிக் கிளிப்கள் பை பையாகத் தொங்கும். எனக்குப் பழக்கமான கடை ஒன்றில் நானா ஒருவர் இருக்கிறார். காரின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "தம்பி, மைனருக்கு எஞ்சின் பாகம் கேளுங்கள், தேடித் தருகிறேன். கிளிப்பை யார் எடுத்து வைத்தார்கள்?" என்றார். அவர் சொன்னது சரி. கார் உடைக்கும்போது கியர்பெட்டியை எடுத்து வைப்பார்கள், மின்பிறப்பாக்கியை எடுத்து வைப்பார்கள். பலகையைப் பிய்த்து எறிவார்கள், கிளிப்பும் அதோடு போய்விடும்.

பிளாஸ்டிக் கிளிப்பின் சிக்கல் அளவில் இருக்கிறது. என் கதவின் துளைகள் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீற்றர். எனக்குக் கிடைத்த ஜப்பானியக் கிளிப்கள் முழு மில்லிமீற்றர் கணக்கில் இருந்தன. ஆறு மில்லிமீற்றர் துளைக்கானது தளர்ந்து கழன்றது. ஏழுக்கானது நுழையவே மறுத்தது. இந்த இடத்தில்தான் கை தானாகத் துளைப்பானை நோக்கிப் போகும். "அரை மில்லிமீற்றர்தானே பெருப்பிக்கப்போகிறோம்" என்று கராஜில் ஒருவர் சொல்லவும் செய்தார். அந்த அரை மில்லிமீற்றருக்குப் பிறகு அந்தக் கதவில் மூலக் கிளிப் ஒருபோதும் நிற்காது. கிளிப்புக்காகக் கதவை மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை. தவிர, அந்தக் கிளிப்களின் தலை, வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் பலகையில் உள்ள கூட்டுக்குள் அமர்வதற்காகச் செய்தது. மெல்லிய ஹார்ட்போர்டில் சில தடவை இழுத்ததும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

இங்கிலாந்தில் மைனருக்கென்று புதிதாகச் செய்த கிளிப்கள் விற்கிறார்கள், வரவழைக்கலாம். நான் இந்த வேலையில் இறங்கியது 2022இல். வங்கியில் டொலர் இல்லை, அமெரிக்க டொலரின் விலை சில வாரங்களுக்குள் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியிருந்தது. கைப்பிடி அளவு கிளிப்புக்காகக் கடல் தாண்டிப் பொதி வரவழைக்க மனம் வரவில்லை. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயார் முன்பு இலங்கையருடன் கூட்டுச்சேர்ந்து, மைனருக்கான தகட்டுப் பாகங்களை இந்தத் தீவிலேயே செய்வித்து பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார். இங்கே தட்டி வளைத்த மட்காட் அங்கே ஓடும் மைனர்களில் ஏறியிருக்கிறது. அப்படிப்பட்ட கைகள் உள்ள நாட்டில் ஒரு கம்பித் துண்டை வளைக்க வழியில்லாமல் போகுமா என்ற எண்ணம் அப்போது அடிக்கடி வந்தது.

பின் ஆசனத்துப் பலகை

இரண்டு கதவு மைனரில் பின் ஆசனத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பலகை உண்டு. அதை எடுக்க வேண்டுமானால் முதலில் ஆசனத்தைக் கழற்ற வேண்டும். 2002இல் அந்தக் கடைக்காரர் அவ்வளவு தூரம் போகவில்லை. பழைய பலகையின் மேலேயே புது ரெக்சினை ஒட்டி ஓரத்தை மடித்து விட்டிருந்தார். அதனால் அந்தப் பலகைகள் யாழ்ப்பாணத்தில் பூட்டியபடியே இருந்தன. நெம்புகோலை உள்ளே விட்டதும் பலகை எதிர்பார்த்ததைவிட மென்மையாக, ஒவ்வொரு கிளிப்பாக விடுபட்டு வந்தது. திருப்பிப் பார்த்தேன்.

எல்லாம் கையால் செய்த கிளிப்கள். சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக் கம்பியை வெட்டி வளைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் பலகையின் வெட்டுக்குள் அமரும் தட்டையான வளையம். அதிலிருந்து இரு கால்கள் இறங்கி, நடுவில் சற்றே வயிறு புடைத்து, முனையில் மறுபடி ஒடுங்கின. அந்த முனைகளை உட்பக்கமாக மடித்து, வெட்டு முனை தகட்டைக் கீறாதபடி அரத்தால் தேய்த்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று வேறுபாடு காண்பது கடினம். மரக்கட்டையில் ஆணி அடித்து, அதைச் சுற்றி வளைத்திருந்தால் மட்டுமே அப்படி வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு காலிலும் சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர்க் குழாயைச் செருகியிருந்தார்கள். பாதி இடங்களில் ரப்பர் இறுகி வெடித்திருந்தது. ஆனால் அது இருந்த இடங்களில் துளையின் விளிம்பில் பெயின்ட் அப்படியே இருந்தது. இரும்பு இரும்பைத் தொடவில்லை. ஓட்டத்தில் பலகை அதிர்ந்து சத்தம் போடாமலும் அந்த ரப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிறகு தகட்டைப் பார்த்தேன். ஒரு புதுத் துளை இல்லை.

அந்த இரவே யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமியிடம் தொலைபேசியில் கேட்டேன். அவருக்கு நினைவிருந்தது. "தம்பி, அது தடைக் காலம். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில்தான் காரை ஓட்டினார். பின்பக்கத்துப் பலகைகள் இரண்டும் ஈரத்தில் ஊறிப்போய்விட்டன. சைக்கிள் திருத்துகிற ஒருவர்தான் வீட்டு முற்றத்தில் இருந்து செய்து தந்தார். மாமா பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்" என்றார். பெயர் கேட்டேன். சந்திக் கடைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்களாம்.

தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தை அறிந்தவர்களுக்கு மண்ணெண்ணெய்க் கார் புதிதல்ல. துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய பிரித்தானிய இயந்திரங்கள் அதைத் தாங்கின. ஒஸ்ரின் ஏ40களும் மைனர்களும் அங்கே அவ்வளவு காலம் நின்று பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தத் திறமையைப் பலர் எழுதியிருக்கிறார்கள், எல்லோரும் பேசுகிறோம். பேசும்போது 'இல்லாததைக் கொண்டு எப்படியோ சமாளித்தார்கள்' என்ற தொனி வந்துவிடும். எப்படியோ என்ற சொல்லுக்கு அந்தக் கிளிப்பில் இடமே இல்லை. கிடைத்த பொருளின் குணத்தை அவர் அறிந்திருந்தார். ஸ்போக் கம்பி வளையும், ஆனால் முற்றாகத் தளராது. வால்வு ரப்பர் இறுகப் பிடிக்கும், தேய்ந்தால் மாற்றலாம். காரில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்ற வரிசையும் அவருக்குத் தெரிந்திருந்தது. ரப்பர் அழியலாம். அதற்குப் பிறகு கம்பி அழியலாம். பிறகு பலகை. தகடு அழியக் கூடாது, ஏனென்றால் அதற்கு மாற்று இல்லை. எல்லாம் விலைக்குக் கிடைத்த கொழும்பில், சமாதான காலத்தில், என் மாமா பணம் கொடுத்துச் செய்வித்த வேலை அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. ஐந்து ரூபாய் ஆணியைக் காப்பாற்ற ஒரு கதவைப் பலி கொடுத்தது.

மாற்றுப் பாகத்துக்கான நெறி எனக்கு இதிலிருந்து கிடைத்தது. அசலைப் போலத் தோற்றமளிக்கிறதா என்று நான் இப்போது பார்ப்பதில்லை. அதைக் கழற்றிவிட்டு அசலைப் பூட்ட முடியுமா, பூட்டினால் அசல் தன் இடத்தில் சரியாக அமருமா என்று பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு ஆம் என்றால் ஸ்போக் கம்பியும் சரி, வேறெதுவும் சரி.

கதவுகளுக்கான கிளிப்களை அவருடைய மாதிரியில் நானே வளைத்தேன். புறக்கோட்டை டாம் வீதியில் சைக்கிள் கடைகளுக்குக் குறைவில்லை. ஸ்போக் அங்கே கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பழைய சோனகத் தெருவில் சுருள்வில் கம்பியும் வாங்கிப் பார்த்தேன். அதில் விசை அதிகம்தான், ஆனால் இறுக்கமான வளைவில் வெடிக்கிறது. சூடாக்கி வளைத்தால் விசையே போய்விடுகிறது. ஸ்போக் குளிரிலேயே வளைகிறது, அந்த வளைவில் நிற்கிறது. மரத்துண்டில் தலை வெட்டிய ஆணிகளை அடித்து அச்சு செய்துகொண்டால் எல்லாம் ஒரே அளவில் வரும். வால்வு ரப்பருக்குப் பதிலாக, வயர் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் சூட்டில் சுருங்கும் குழாயை மாட்டினேன். இயற்கை ரப்பரைப் போல அது எண்ணெயிலும் வெப்பத்திலும் சீக்கிரம் கெடாது. பலகைக்கு மறுபடியும் ஹார்ட்போர்டையே எடுத்தேன். கடைப் பெயர்ப் பலகைகளுக்குப் போடும் அலுமினியப் பலகை ஈரத்தில் உப்பாது என்று சொன்னார்கள், உண்மைதான்; ஆனால் அதன் வெட்டு விளிம்பு கத்தி போல, கிளிப்பின் உறையை அறுத்துவிடும். ஹார்ட்போர்டின் எல்லா ஓரங்களுக்கும், குறிப்பாகக் கிளிப் அமரும் வெட்டுகளுக்குள்ளும், வார்னிஷ் ஊற ஊற விட்டுக் காயவைத்தேன். பின்னால் தடித்த பொலித்தீன் தாள். அதன் கீழ் ஓரம் கதவின் உட்பக்கமாக மடிந்து இறங்க வேண்டும், அப்போதுதான் வழியும் நீர் பலகைப் பக்கம் வராமல் கதவுக்குள்ளேயே விழும். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பழைய கார்களில் எனக்கு மூத்தவரான நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். பின்பக்கக் கிளிப்களைக் கழற்றி ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, இப்போது வரவழைக்கக்கூடிய புதிய கிளிப்களைப் பூட்டுவதே முறை என்றார். 1958இல் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தால்தான் அது புதுப்பித்த கார், மற்றதெல்லாம் பழுதுபார்த்த கார் என்பது அவர் கட்சி. அவரை நான் மதிக்கிறேன். அவருடைய கார்களில் ஒரு வாஷர்கூடப் பிழையாக இருக்காது. ஆனால் இதில் அவரோடு உடன்பட முடியவில்லை. அந்தக் கிளிப்கள் தங்கள் வேலையை இன்னும் செய்கின்றன. காருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. இங்கிலாந்தில் கழித்த காலத்தைவிட யாழ்ப்பாணத்து வீதிகளில் கழித்த காலம்தான் இந்தக் காருக்கு நீண்டது, அங்கே அதற்குக் கிடைத்த பாகங்களும் அதனுடையவைதான். வெடித்த ரப்பரை மட்டும் மாற்றி, அதே துளைகளில் அவற்றைத் திரும்பப் பூட்டினேன். நண்பர் விரும்பினால் எந்த நாளும் புதியவற்றைக் கொண்டுவந்து மாற்றலாம், தகடு அதற்கும் தயாராகத்தான் இருக்கிறது.

மிச்சமிருப்பது கதவுகளின் திருகாணித் துளைகள். ரப்பர் அடைப்பான் போட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அடைப்பானின் அடியில் துரு தொடர்ந்து ஓடும், அதனால் வெல்டிங்கால் நிரப்ப முடிவெடுத்தேன். தகடு மெல்லியது, சூடு அதிகமானால் வளைந்துவிடும். டிங்கரிங் பாஸ் தகட்டின் பின்னால் செப்புத் துண்டு ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு துளைக்கு ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார். உருகிய இரும்பு செப்பில் ஒட்டாது, சூட்டையும் செப்பு வாங்கிக்கொள்ளும். இடது கதவு முடிந்து, உட்பக்கமும் தேய்த்து, பூச்சும் மெழுகும் அடித்தாயிற்று. வலது கதவில் கண்ணாடிப் பொறிக்கு அருகே இருக்கும் துளைகள் கொஞ்சம் தொல்லையானவை. பொறியை முழுவதுமாகக் கழற்றிய பிறகே அங்கே வெல்டிங் கொண்டுபோக வேண்டும் என்கிறார். மே மாதத்து மழை தொடங்குவதற்கு முன் அதை முடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.